சந்தையில் சாது, வீட்டில் முரடு: மயிலை எப்படிப் பழக்குவது?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கூடவே மூன்று வீடியோக்களும் சில படங்களும் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 36. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு அப்பாவோடும் எட்டு வயது மகளோடும் போயிருக்கிறார். குதிரைச் சந்தையில் ஒரு பெட்டைக் குதிரை பூனைபோல நின்றுகொண்டிருந்தது. மகள் அதன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான், வாங்கிவிட்டார்கள். மார்வாரிக் கலப்பு (மார்வாரி என்பது ராஜஸ்தான் குதிரை இனம்), நாலு வயது என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். மகள் வைத்த பெயரை மாற்றி இங்கே 'மயில்' என்று வைத்துக்கொள்வோம்.

வீட்டுக்கு வந்த பத்தாவது நாளிலிருந்து மயில் வேறு குதிரையாகிவிட்டது. கயிற்றைப் பிடித்து நடத்தினால் தோளால் இடித்துத் தள்ளுகிறது. நிறுத்தினால் சுற்றிச் சுற்றி வருகிறது. சேணத்தின் வயிற்று வாரை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வருகிறது. ஒருமுறை தோளில் கடித்தும்விட்டது. இவர் ராத்திரி முழுக்க வெளிநாட்டுப் பயிற்சியாளர்களின் வீடியோக்களைப் பார்த்து, முடிச்சுப் போட்ட கயிறு ஹால்டரையும் (வாய்க்குள் இரும்பு இல்லாமல் தலையில் மாட்டுகிற பட்டை) நுனியில் கயிறு கட்டிய நீளக் குச்சியையும் வரவழைத்திருக்கிறார். தோப்புக்குள் மூங்கிலால் வட்டப் பட்டி கட்டி, முதல் நாள் முக்கால் மணி நேரம் சுற்றி ஓடவிட்டதும் மயில் தலையைத் தாழ்த்தி இவர் பின்னாலேயே வந்ததாம். 'கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது டாக்டர்' என்கிறார். மூன்றாவது வாரம் அதே பட்டிக்குள் திரும்பி உதைத்தது. நூலிழையில் தப்பியிருக்கிறார்.

ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாட்டியக் குதிரை, வண்டிக் குதிரை எல்லாம் பழக்கியவர். 'ரெண்டு நாளைக்குத் தீனிய நிறுத்து, கம்பத்துல கட்டு, முள்ளுக் கடிவாளம் போடு, தானா வழிக்கு வரும்' என்பது அவர் வாக்கு. அப்பாவோ 'வர்ற ஆடிக்கு வித்துரு' என்கிறார். இவர் கேட்பது நான்கு கேள்விகள்: புது முறை சரியா, பெரியவர் முறை சரியா? நான் குதிரையைக் கெடுத்துவிட்டேனா? வீடியோ பார்த்தே இதைக் கற்றுக்கொள்ள முடியுமா? மகள் எப்போது ஏறலாம்?

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. நீங்கள் குதிரையைக் கெடுக்கவில்லை. சொல்லப்போனால் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். சொல்லிக்கொடுத்தது என்ன பாடம் என்பதுதான் உங்களுக்குத் தெரியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

சந்தையில் சாதுவாக நின்றதை வைத்து மயிலின் குணத்தை எடைபோட வேண்டாம். லாரிப் பயணம், தூக்கமில்லாத ராத்திரிகள், மேளச் சத்தம், முன்பின் தெரியாத நூறு குதிரைகள். அந்த நிலையில் சில குதிரைகள் துள்ளும், சில குதிரைகள் உறைந்துபோய் நிற்கும். நிற்பதற்கு மருந்து கொடுக்கிற வியாபாரிகளும் இல்லாமல் இல்லை. வீட்டுக்கு வந்து வயிறு நிறைந்து, தூங்கி எழுந்தபின் நீங்கள் பார்ப்பதுதான் மயில்.

வலி இருக்கிறதா என்று பாருங்கள்

கால்நடை மருத்துவன் என்பதால் இதைச் சொல்லவில்லை. பழக்குகிறவர்களும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வாரை இறுக்கும்போது கடிக்கிற குதிரைக்கு வலிக்கிறதா என்று பார்க்காமல் அதைத் திருத்தப் பார்ப்பது அநியாயம்.

நீங்கள் அனுப்பிய வாய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பற்களில் நடு ஜோடி மாறியிருக்கிறது. அதற்கு அடுத்த ஜோடி இப்போதுதான் பாதி முளைத்திருக்கிறது. ஓரத்து ஜோடி பால்பல்லாகவே இருக்கிறது. குதிரைக்கு இந்த மூன்று ஜோடிகளும் ஏறக்குறைய இரண்டரை, மூன்றரை, நாலரை வயதில் மாறும். ஆக மயிலுக்கு மூன்றரை வயது இருக்கலாம். விற்றவர் ஆறு மாதம் கூட்டிச் சொன்னது பெரிய குற்றமில்லை. ஆனால் இதே வயதில்தான் கடைவாயிலும் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும், ஈறு வீங்கியிருக்கும். கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் பட்டாணி அளவில் ஒரு சின்னப் பல் சில குதிரைகளுக்கு முளைத்திருக்கும். கடிவாளத்தின் இரும்பு சரியாக அதன்மேல் போய் இடிக்கும். ஒரு மருத்துவரை வரவழைத்து வாயைத் திறந்து, கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை கடிவாளத்தைச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

அடுத்தது வயிறு. ஒரு நாளைக்குக் கொள்ளும் மக்காச்சோளமுமாக நாலு கிலோ, காலையும் மாலையும் ஒரு கட்டுப் புல், மற்ற நேரம் லாயத்தில் கட்டியே கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பாகத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் குதிரையின் இரைப்பை தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் முழுக்க அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். நார்த்தீவனம் இல்லாமல் வெறுமையாகக் கிடந்தால் புண் வரும். வயிற்றுப் புண் உள்ள குதிரை வாரை இறுக்கும்போது கடிக்க வருவது எனக்குப் புதிதில்லை. உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை காய்ந்த தீவனம் வேண்டும், அதையும் நாள் முழுக்கப் பிரித்துப் போட வேண்டும். தானியத்தை மெல்ல மெல்லப் பாதியாகக் குறையுங்கள். தோப்பில் வேலி இருக்கிறதே, தினமும் சில மணி நேரம் அவிழ்த்துவிடுங்கள். இதை மட்டும் செய்தாலே நீங்கள் முரட்டுத்தனம் என்று எழுதியதில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

தீனியை நிறுத்தச் சொன்ன பெரியவரின் யோசனையை ஏற்கவே வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். பட்டினி போட்டால் புண், தண்ணீரைக் குறைத்தால் குடலில் அடைப்பு. வயிற்றுவலி வந்த குதிரையை ராத்திரி இரண்டு மணிக்கு நடத்திக்கொண்டிருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நடுவில் உங்களைப் பற்றி ஒன்று. தோளில் கடித்தது தோல் கிழிந்த காயமா என்று எழுதவில்லை. கிழிந்திருந்தால் டெட்டனஸ் ஊசியும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவையா என்பதும் உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய விஷயம். குதிரைக்கும் வெறிநோய் வரும். மயிலுக்கும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டதாகத் தெரியவில்லை. அந்த நோய்க்குக் குதிரை அளவுக்கு எளிதில் ஆளாகும் வீட்டுப் பிராணி வேறு இல்லை. சந்தையில் வாங்கிய குதிரை என்பதால் கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது.

இரண்டாவது வீடியோவில் நடந்தது

இப்போது பாடத்துக்கு வருகிறேன். இரண்டாவது வீடியோவை நான் ஆறேழு முறை ஓட்டிப் பார்த்தேன். நீங்களும் ஒருமுறை பாருங்கள், ஒரு நிமிடம் 12 வினாடியில் நிறுத்துங்கள். மயில் ஓட்டத்தைக் குறைக்கிறது. உங்கள் பக்கத்துக் காது உங்களை நோக்கித் திரும்புகிறது. கழுத்து கொஞ்சம் தாழ்கிறது. நின்றேவிட்டது. 'சரி, இப்போது என்ன?' என்று அது கேட்கிறது. நீங்கள் கவனிக்கவில்லை. குச்சியைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். மறுபடி ஓடுகிறது. 1:20இல் வாலை இறுக்கி, பின்பக்கத்தை உங்கள் பக்கம் திருப்புகிறது. நீங்கள் துள்ளிப் பின்வாங்குகிறீர்கள், குச்சி தரைக்கு வந்துவிடுகிறது.

அந்த எட்டு வினாடியில் மயில் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டது. நின்று கேட்டால் பலனில்லை. பின்பக்கத்தைத் திருப்பினால் குச்சி நின்றுவிடும். மூன்றாவது வாரம் வந்த உதை இங்கே முளைத்ததுதான்.

கயிற்றை இழுப்பது, குச்சியை ஆட்டுவது, நெருங்கிப் போவது எல்லாமே குதிரைக்கு ஒருவகை அழுத்தம். அழுத்தத்தால் குதிரை அசையும், அவ்வளவுதான். எதைச் செய்தபோது அந்த அழுத்தம் போனதோ, அதைத்தான் அது மனதில் வைத்துக்கொள்ளும். நீங்கள் வாங்கிய ஹால்டர், குச்சி, இருபது மணி நேர வீடியோ எல்லாவற்றிலும் உருப்படியான சரக்கு இந்த ஒன்றுதான். சேணவாரிலும் இதே கதையாக இருக்கலாம். வாயைத் திருப்பினதும் நீங்கள் வாரை விட்டுவிட்டீர்கள் என்றால், வாயைத் திருப்பச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். வலியும் இருந்து இந்தப் பழக்கமும் சேர்ந்துகொண்டால் இரண்டையும் தனித்தனியாகத்தான் தீர்க்க வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு, நானும் இதே தவறைச் செய்தவன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு குதிரைக்கு ஐந்து நாள் தொடர்ந்து ஊசி போட வேண்டியிருந்தது. முதல் நாள் தலையைத் தூக்கி எறிந்தது, நான் கையை எடுத்தேன். மறுநாள் இன்னும் வேகமாக எறிந்தது, நான் இன்னும் வேகமாக எடுத்தேன். மூன்றாம் நாள் என் பையைப் பார்த்ததுமே எறிய ஆரம்பித்துவிட்டது. அந்தக் குதிரையை ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அது ஏன் உங்கள் பின்னால் வந்தது

முதல் நாள் மயில் உங்களைத் தொடர்ந்து வந்ததைத் தலைவனாக ஏற்றுக்கொண்டதன் அடையாளம் என்று எழுதியிருக்கிறீர்கள். வாயை மென்றதும் நாக்கால் உதட்டைத் தடவியதும் பணிவின் அறிகுறி என்று வீடியோவில் சொன்னார்களாம். இங்கேதான் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

வட்டப் பட்டிக்குள் துரத்தி, பிறகு பின்னால் வரவைக்கிற இந்த முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் கலிஃபோர்னியாவின் மான்டி ராபர்ட்ஸ். 'ஜாயின்-அப்' என்று பெயர் வைத்தார். 1989இல் இங்கிலாந்து அரசி எலிசபெத் அழைத்து வேடிக்கை பார்த்தார். அதற்கு முன்பே டாம் டோரன்ஸ், ரே ஹண்ட் போன்ற அமெரிக்க மேற்குப் பகுதிக்காரர்கள், குதிரையின் முரண்டை உடைத்துப் பழக்கும் வழக்கத்திலிருந்து விலகி, மெல்லக் கேட்டு வாங்கும் முறையைப் பரப்பிவிட்டார்கள். கை தேர்ந்தவர்கள், மறுக்கவில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்பதற்கு ராபர்ட்ஸ் சொன்ன காரணம் வேறு: நான் குதிரையின் மொழியைப் பேசுகிறேன் என்றார். 2012இல் சிட்னி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். பட்டிக்குள் மனிதனுக்குப் பதிலாக ரிமோட்டில் ஓடும் பொம்மைக் காரை விட்டார்கள். குதிரை விலகினால் கார் துரத்தும், திரும்பி நெருங்கினால் துரத்துவதை நிறுத்தும். கொஞ்ச நேரத்தில் குதிரைகள் காரின் பின்னால் நடக்க ஆரம்பித்துவிட்டன. பொம்மைக் காரைத் தலைவனாக ஏற்றுக்கொண்டன என்று யாராவது சொல்வார்களா? எங்கே அழுத்தம் இல்லையோ அங்கே போய் நின்றன.

வாய் மெல்லுவதும் அப்படித்தான். பயத்தில் வாய் உலர்ந்துபோகும். பதற்றம் இறங்கும்போது எச்சில் ஊறும், நாக்கு வெளியே வரும். அது பணிவு இல்லை, 'அப்பாடா' என்பதற்குக் கிட்டத்தட்ட. அப்படியானால் அதற்கு முன்னால் மயில் எவ்வளவு பயந்திருக்க வேண்டும் என்றும் யோசியுங்கள். உங்கள் பட்டியின் குறுக்களவு 10 மீட்டர்கூட இல்லை. மூன்றரை வயதுக் குட்டியை அதில் முக்கால் மணி நேரம் சுற்றவிடுவது மூட்டுகளுக்கும் நல்லதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது பொய்யில்லை. அதைக் குறை சொல்லவும் மாட்டேன். இனி துரத்த வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று: 'குதிரையின் இடது மூளையும் வலது மூளையும் பேசிக்கொள்ளாது, அதனால் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லிக்கொடுக்க வேண்டும்' என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணால் பார்த்துக் கற்றதை மற்ற கண்ணாலும் குதிரைகள் அடையாளம் கண்டது 1999லேயே சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். ஆனாலும் இரண்டு பக்கமும் பழக்கத்தான் வேண்டும். வலப்புறமிருந்து நீங்கள் வருவது மயிலுக்கு வேறொரு காட்சி. செய்ய வேண்டியது அதேதான், காரணம் மட்டும் வேறு.

பெரியவரின் கையைப் பாருங்கள்

மூன்றாவது வீடியோவை நீங்கள் எதற்காக அனுப்பினீர்கள் என்று தெரியவில்லை. பெரியவர் மயிலைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப் போகிறார். பீடி வாயில் இருக்கிறது, உங்கள் அப்பாவோடு பேசிக்கொண்டே நடக்கிறார். கயிறு தொய்ந்து கிடக்கிறது. அவர் நிற்கிறார், மயில் நிற்கிறது. ஒருமுறை மட்டும் மயில் முந்தப் பார்க்கிறது. கயிற்றை இரண்டு விரலால் பிடித்துத் தன் பக்கம் மெல்லச் சாய்க்கிறார், பேச்சு நிற்கவில்லை. மயிலின் தலை அவர் பக்கம் அரை அடி திரும்பியதும் விரல் விட்டுவிடுகிறது. உங்களை இடித்துத் தள்ளுகிற அதே குதிரை.

முள்ளுக் கடிவாளத்தைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். கயிற்றில் அவர் செய்வதைத் தினமும் போய்ப் பாருங்கள். வாய் சொல்வது அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்தது, கை செய்வது ஐம்பது வருஷம் குதிரைகள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. வெளிநாட்டு வீடியோக்காரரும் உங்கள் ஊர்ப் பெரியவரும் அந்த ஒரு நொடியில் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். அதனால் 'புதுசா பழசா' என்ற உங்கள் முதல் கேள்வி எனக்குச் சரியான கேள்வியாகவே படவில்லை. 'எதைச் செய்ததும் விட்டீர்கள்?' என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

முள்ளுக் கடிவாளம் சட்டப்படியும் கூடாது. வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளில் 8ஆவது விதி முள் வைத்த கடிவாளத்தையும் முள் வைத்த சேணச் சாமான்களையும் தடை செய்கிறது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவும் தேவையில்லாத வலி கொடுப்பதைக் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. அபராதத்துக்குப் பயந்து அதை விடுங்கள் என்று சொல்ல முடியாது. கிழிந்த நாக்குகளைத் தைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வேண்டாம்.

கம்பத்தில் கட்டிவைத்துத் தார்ப்பாயைப் போர்த்தி அடங்கும்வரை விடுவதும் அதே வகைதான். கொஞ்ச நேரத்தில் குதிரை அசையாமல் நிற்கும். நாடியைத் தொட்டுப் பாருங்கள். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டியது, எகிறிக்கொண்டிருக்கும். தப்ப வழியில்லை என்று கைவிட்ட குதிரை அது. அப்படி 'அடங்கியது' ஒருநாள் காரணமே இல்லாமல் வெடித்தது என்பார்கள்.

இனி எங்கிருந்து தொடங்குவது

வாயும் வயிறும் சரி என்று மருத்துவர் சொன்ன பிறகு, முதுகில் ஏறும் எண்ணத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத் தரையில் நின்றே தொடங்குங்கள். ஒரு நேரத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். கயிறு மூன்றரை மீட்டர் இருக்கட்டும். எந்தக் காரணத்துக்காகவும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். மூடிய ஷூ, தலைக்கவசம், கையுறை, கூப்பிடு தூரத்தில் ஒரு ஆள். நீங்கள் வாங்கிய முடிச்சு ஹால்டரின் முடிச்சுகள் முகத்து எலும்பில் உட்காரும். கை பழகும்வரை அகலப் பட்டை ஹால்டரே நல்லது. முடிச்சு ஹால்டரோடு எங்கேயும் கட்டிவைக்கவே கூடாது. எந்த ஹால்டராக இருந்தாலும் கம்பத்தில் நேராகக் கட்டாமல் நடுவே ஒரு சணல் வளையம் வையுங்கள். பயந்து இழுத்தால் அது அறுந்துகொள்ளும், கழுத்து தப்பிக்கும்.

முதல் நாட்களில் ஒன்றும் சொல்லித்தர வேண்டாம். பக்கவாட்டிலிருந்து, தோள் பக்கமாகப் போங்கள். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் குதிரைக்குக் கண் தெரியாது. பிடரி மயிர் முடிகிற மேட்டில் விரல் நகத்தால் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் நாடித்துடிப்பு குறைவதை பிரான்சின் கமார்க் குதிரைகளிடம் அளந்து 1993இல் எழுதியிருக்கிறார்கள். மேலுதடு நீண்டு துடிக்க ஆரம்பித்தால் சரியான இடத்தில் சொறிகிறீர்கள் என்று அர்த்தம்.

அப்புறம் ஒரே ஒரு பாடம்: பின்னால் ஓரடி. முகத்துக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். ஹால்டருக்குக் கீழே கயிற்றைப் பிடித்து, மயிலின் நெஞ்சுப் பக்கமாக, ஒரு முழுத் தேங்காயை நகர்த்துகிற அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள், கூட்டாதீர்கள், அப்படியே வைத்திருங்கள். மயில் தலையை ஆட்டலாம், முன்னால் சாயலாம். கையும் அதனோடு போகட்டும், அழுத்தம் மாறக்கூடாது. ஒரு கட்டத்தில் அதன் எடை பின்னால் போகும். கால் நகராது, தோள் மட்டும் அரை அங்குலம் பின்வாங்கும். அந்தக் கணமே விரல்களைத் திறந்துவிடுங்கள். காலடி வரட்டும் என்று காத்திருந்தால் தாமதமாகிவிடும். மூன்று மூச்சு சும்மா நில்லுங்கள். மறுபடி. நாலைந்து முறை போதும், கொண்டுபோய் அவிழ்த்துவிடுங்கள். ஒரு வாரத்தில் தேங்காயின் எடை எலுமிச்சையின் எடையாகும். தோளால் இடிக்கிற பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. பின்னால் ஓரடி வைக்கத் தெரிந்த குதிரை உங்கள் மேல் ஏறி நடக்காது.

அது கைக்கு வந்த பிறகு, பின்பக்கத்தை ஓரடி விலக்கச் சொல்லிக்கொடுங்கள். தோளை ஒட்டி நின்று, ஏறினால் உங்கள் குதிகால் படும் இடத்தில் விரல் நுனியால் அழுத்துங்கள், உள்பக்கப் பின்னங்கால் மற்றதைக் கடந்து விலகியதும் எடுத்துவிடுங்கள். மயில் இப்போது பின்பக்கத்தை உங்கள் பக்கம் திருப்பக் கற்றிருக்கிறது, இது அதற்கு நேர் எதிர். ஆனால் உதைத்த குதிரை என்பதால் இந்தப் பாடத்தைத் தனியாகச் செய்ய வேண்டாம். பெரியவர் தலைப்பக்கம் கயிற்றைப் பிடிக்கட்டும்.

பிளாஸ்டிக்கைக் கண்டால் மிரள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளை உரச்சாக்கு ஒன்றைக் கயிற்றில் கட்டி, உங்கள் அப்பா அதை இழுத்துக்கொண்டு இருபதடி முன்னால் நடக்கட்டும். நீங்கள் மயிலோடு பின்னால் போங்கள். தன்னை நோக்கி வருகிற பொருளைக் கண்டு ஓடும் குதிரை, தன்னைவிட்டு விலகிப் போகிற பொருளைத் தொடர்ந்து போய் மோந்து பார்க்கும். சில நாளில் மயிலே சாக்கை மிதிக்கப் பார்க்கும். சாக்கை அதன்மேல் போடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டீர்கள். பாடத்தை வீடியோவில் பார்க்கலாம், நேரத்தைப் பிடிக்கிற கை அதில் வராது. 1907இல் பெர்லினில் கணக்குப் போடுகிற ஹான்ஸ் என்ற குதிரையை ஆராய்ந்த ஆஸ்கார் ஃபுங்ஸ்ட், அது கணக்கே போடவில்லை, கேள்வி கேட்டவரின் தலை அசைவைப் படித்தது என்று கண்டுபிடித்தார். கேட்டவருக்கே தெரியாத அசைவு அது. உங்களை அந்த அளவுக்குப் படிக்கிற மிருகத்தின் முன்னால் நீங்கள் செய்வதை உங்களாலேயே பார்க்க முடியாது. ஆகவே வீடியோ எடுங்கள், ஆனால் உங்களை எடுங்கள். கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரு பக்கம் குதிரையேற்றப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பழகிய கிழட்டுக் குதிரை ஒன்றிடம் பத்து நாள் கயிறு பிடித்துப் பழகிவிட்டு வாருங்கள். பழகாத ஆளும் பழகாத குதிரையும் சேர்ந்து பழகுவது வேகமான வழி இல்லை. சினிமாவில்தான் அப்படி நடக்கும்.

ஏறுவதும் விற்பதும்

மயிலின் நெஞ்சுச் சுற்றளவு 160 செ.மீ., நீளம் 140 செ.மீ. என்று அளந்து அனுப்பியிருக்கிறீர்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிடைக்கும். சுமார் 302 கிலோ வருகிறது. சேணத்தோடு சேர்த்துக் குதிரை சுமக்கும் பாரம் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுக் கணக்கு. மயிலுக்கு 60 கிலோ. நீங்கள் 82, சேணம் 8. நீங்கள் ஏறவே கூடாது, தம்பி. போதாக்குறைக்கு குதிரையின் முதுகெலும்புகள் முழுசாக முற்றிச் சேர ஐந்தரை, ஆறு வயதுகூட ஆகும்.

மகளின் எடை பிரச்சினையே இல்லை, மயிலின் மனநிலைதான் பிரச்சினை. கடித்த, உதைத்த குதிரைமேல் குழந்தையை ஏற்றும் தேதியை என்னால் சொல்ல முடியாது, வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இப்போதைக்கு மகளை ஏதாவது ஒரு பள்ளியில் வயதான மட்டக்குதிரைமேல் ஏற்றிவிடுங்கள். மயிலிடம் அவள் வேலிக்கு வெளியே நின்று, வாளியில் கேரட் போடட்டும். கையில் வைத்துக் கொடுக்க வேண்டாம், கடிக்கிற பழக்கம் போகும்வரை.

அப்பா சொல்வதையும் ஒதுக்கிவிடாதீர்கள். ஆடிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஆறு வாரம் நான் சொன்னபடி செய்தும் மயில் உதைப்பது குறையவில்லை என்றால், அல்லது உங்களுக்கே அதன் பக்கத்தில் போகக் கை நடுங்குகிறது என்றால், விற்பது கேவலமில்லை. சந்தையில் முகம் தெரியாதவரிடம் விற்காமல், பெரியவர் மூலமாகவே பழக்கத் தெரிந்த ஒருவரிடம், கடித்ததையும் உதைத்ததையும் சொல்லி விற்றுவிடுங்கள். விலை குறையும். உங்களிடம் விற்றவர் சொல்லாமல் விட்டதை நீங்கள் இன்னொருவரிடம் சொல்லாமல் விட வேண்டாம்.

ஆறு வாரம் கழித்து இன்னொரு வீடியோ அனுப்புங்கள். முகம் தெரிய வேண்டாம், பட்டி தெரிய வேண்டாம். கயிறு பிடித்த கையும் மயிலின் தோளும் ஒரே காட்சியில் தெரிகிற மாதிரி எடுத்தால் போதும்.